வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம்

ஜனவரி 19, ஞாயிறு

இந்த டைரி மருந்துக்கடையில் ஓசியில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். கையில் ஒரு காலிபிளவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிற ஒரு விவசாயி. அவன் தலையில் இடி விழ. வேறு நோட்டு வாங்கலாம்தான். ஆனால் சும்மா வந்ததைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் எப்படி இருக்கிறது, தூங்கினாரா, மாத்திரை போட்டாரா. சரி, எழுதுகிறேன். நடுக்கம் இருக்கிறது. தூங்கினார். மாத்திரை, என்னைத் திட்டிவிட்டுப் போட்டார்.

டாக்டருக்கு அவ்வளவு போதும். மீதி இடம் எனக்கு. ரங்கநாயகி இந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? நான் வாயை மூடியதே இல்லை என்று இவர் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும்.

முக்கால் ஏக்கரில் காலிபிளவர் நாற்று நட்டிருக்கிறது. வேர் பிடித்துவிட்டது. பங்குனி பிறக்கும்போது பூ வெட்டலாம்.

ஜனவரி 22, புதன்

காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். தட்டுமுட்டுச் சாமான் போடுகிற சாளைக்குள் நின்றுகொண்டு மருந்தடிக்கிற டேங்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் என் பழைய சேலைத் துணியால். எதற்கு என்று கேட்டால், சும்மா தூசி தட்டினாராம்.

எனக்குத் தெரியாதா இவரை? இலையில் ஒரு ஓட்டை விழட்டும், இவர் டேங்கை முதுகில் ஏற்றிவிடுவார். இன்னொரு முறை அந்த விஷம் உடம்பில் ஏறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவரிடமும் சொன்னார். இவர் அதைக் கேட்டுக்கொண்டு, சரிங் சார், இந்தப் பருவம் மட்டும் என்றார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அன்றைக்கு அங்கேயே கத்தினேன்.

டேங்கை ஒளித்தால் பக்கத்துத் தோட்டத்தில் கடன் வாங்கிவிடுவார். அதனால் குழாய் முனையில் மாட்டுகிற நாசிலை மட்டும் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். டேங்க் அங்கேயே இருக்கட்டும், அழகு பார்க்கட்டும்.

இந்த வருசம் மருந்தே இல்லாமல் பூ எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் இவர் அந்த டேங்கை மறப்பார். காட்டாவிட்டால் எனக்கு ஆள் மிஞ்சாது. வேறு வழி இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

பூச்சி ஆய்வகத்திலிருந்து நித்திலா என்ற பெண் வந்தது. போன மாசம் நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மஞ்சள் ஹெல்மெட், தோளில் ஒரு ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்குள் குளவி. குளவி என்றதும் கொட்டுமே என்று பின்னால் போனேன். பார்த்தால் எறும்புக்குச் சிறகு முளைத்த மாதிரி, கொசுவுக்குப் பக்கத்தில் வைத்தால் கொசு பெரிசாகத் தெரியும்.

இலையைச் சல்லடையாக்குகிற பச்சைப் புழு இருக்கிறதே, தொட்டால் நெளிந்து நூல் விட்டுத் தொங்குமே, அந்தப் புழுவைத் தேடிப் போய் அதன் உடம்புக்குள்ளேயே இது முட்டை வைக்குமாம். குஞ்சு உள்ளேயே இருந்து புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருமாம். புழு செத்துப்போகும். அடுத்த குளவி அடுத்த புழுவைத் தேடும். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனை வருசம் எங்களைத் தின்றதே அந்தப் புழு, அதையும் உள்ளேயிருந்து ஒருத்தன் தின்கிறான்.

வரிசைக்கு வரிசை குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே போனது அந்தப் பெண். இவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொசுவ நம்பித் தோட்டத்த உட்டுப்போட்டு உக்காந்திருக்கறியாக்கும்” என்றார் என்னிடம்.

எனக்கு வந்த கோபத்தில் அவரோடு சண்டை பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்ல வந்தது. எனக்கு எல்லாம் புரிந்தது கண்ணு, நீ கிளம்பு, வெயில் ஏறுகிறது என்று அனுப்பிவிட்டேன். வாட்ஸப்பில் படம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனது. வாட்ஸப்பை யார் பார்க்கிறார்கள்? திறந்தால் விடிந்ததிலிருந்து காலை வணக்கமும் பூங்கொத்தும்தான்.

ஜனவரி 25, சனி

நடுக்கம் அதிகம். காபி டம்ளரைக் கொட்டிவிட்டு, டம்ளர் சரியில்லை என்கிறார்.

ஜனவரி 28, செவ்வாய்

மறுபடியும் சாளையில் பிடித்தேன். டேங்கில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கிறார். நாசில் எங்கே என்று என்னையே கேட்கிறார்.

நல்ல வேளை கையில் அரிவாள் இல்லை. முப்பது வருசமாக அந்தப் பாழாய்ப்போன டேங்கைத் தவிர வேறு எதையும் தொடத் தெரியாதா என்று கேட்டேன். கையைக் காலை ஆட்டாமல் சோறு இறங்கவில்லை என்றால் அதற்கும் வேலை தருகிறேன் என்று ஒரு போசியில் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக் கையில் கொடுத்தேன். இலை இலையாகத் திருப்பிப் பாருங்கள், புழு இருந்தால் பொறுக்குங்கள், இலைக்கடியில் வெள்ளையாக எது ஒட்டியிருந்தாலும் பிய்த்து இதில் போடுங்கள், அதுதான் கூடு, அதிலிருந்துதான் அடுத்த அந்துப்பூச்சி வரும் என்றேன். ஒன்று விடக்கூடாது என்றேன்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போசியை வாங்கிக்கொண்டு வரிசைக்குள் இறங்கிவிட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தினமும் காலையில் பழைய சோறு குடித்துவிட்டு இறங்குகிறார். குனிந்து நிற்க முடியாததால் ஒரு முக்காலியை வரிசைக்குள் இழுத்துக்கொண்டே போகிறார். நடுங்குகிற கையால் அந்தச் சின்னக் கூட்டைப் பிய்ப்பதற்குள் பார்க்கிற எனக்கு மூச்சு முட்டுகிறது. நான் செய்கிறேன் என்று போனால் முறைக்கிறார்.

மத்தியானம் போசியைக் கொண்டுவந்து காட்டினார். வலை பின்னின மாதிரி சில, உள்ளே பச்சையாகத் தெரிகிறது. பரவாயில்லை என்றேன். இன்னும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலையில் ஏறிவிடும்.

நடுக்கம் கொஞ்சம் குறைவு. தூங்கினார்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்குப் போசி நிறைய வெள்ளை. அரிசியை வாரிப் போட்ட மாதிரி, ஒன்றுகூட வலை மாதிரி இல்லை, கெட்டியாக, வெள்ளை வெளேரென்று. எங்கேயிருந்துதான் வருகிறதோ கெரகம். பார்த்தீர்களா, ஒரு மாசத்துப் பூச்சியைக் கூண்டோடு ஒழித்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன், வாய் தவறி. அந்த மனுசன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து வரப்பில் நின்று, அண்ணனுக்கு நல்ல உத்தியோகம் குடுத்திருக்கீங் அக்கா என்று இளித்தான். அவன் வாரத்துக்கு இரண்டு முறை அடிக்கிறான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நாங்கள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவன் வீட்டில் அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறாள், அவளாவது சொல்லக் கூடாதா அப்பனுக்கு?

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

ரோட்டில் பழனிக்கு நடக்கிற கூட்டம் நேற்று வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. இவர் வருசா வருசம் நடப்பவர். இந்த வருசம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். முருகன் மேலும் எனக்குக் கோபம்தான். வாங்கிக்கொண்ட மொட்டைக்கெல்லாம் ஒரு கணக்கு வேண்டாமா?

ஐப்பசியில் நடந்ததை நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன். காலையில் காபிகூடக் குடிக்காமல் டேங்கைத் தூக்கினார். காற்று எதிரே அடித்தது. மூக்கில் துண்டுகூடக் கட்டவில்லை. மோட்டாரை நிறுத்தப் போன நான் பார்க்கும்போது கத்தரி வரிசைக்குள் கவிழ்ந்து கிடந்தார், வாயில் நுரை, முதுகில் டேங்க், இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்ற என் கைக்கு வரவில்லை. அரிவாளால் அறுத்தேன்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, மீதி வரிசைக்கு யார் அடித்தது. இந்த ஆளை என்ன செய்ய?

அறுத்த பெல்ட்டுக்குப் பதிலாகப் புதுப் பெல்ட் தைத்து வைத்திருக்கிறார். போன வாரம்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இலையெல்லாம் ஓட்டை. குருத்துக்குள்ளும் புழு. எங்கே போனது அந்தக் குளவி? ஒன்றையாவது கண்ணால் பார்த்தேனா? ஏமாற்று வேலை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கண்டபடி கேட்டுவிட்டேன். நாளைக்கு வருகிறதாம்.

பிப்ரவரி 15, சனி

வந்தது. வரிசைக்குள் இறங்கி, இலை இலையாகத் திருப்பிப் பார்த்தது. இங்கே கூடே இல்லையே அம்மா, இருக்க வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்போதுதான் இவர் முக்காலியிலிருந்து எழுந்து, பெருமையாக, அன்றைக்குப் பொறுக்கிய போசியைக் கொண்டுபோய் அதன் கண் முன்னால் நீட்டினார்.

அந்தப் பெண் விரலால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தது. நசுக்கிப் பார்த்தது. அதன் முகம் போன போக்கைப் பார்த்து என்ன கண்ணு என்று கேட்டேன்.

வலை மாதிரி இருந்து உள்ளே பச்சை தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் கூடாம். அரிசி மாதிரி கெட்டியாக இருந்தால் அது குளவியின் கூடாம். புழுவைத் தின்று முடித்த குஞ்சு வெளியே வந்து கட்டுகிற கூடு. நாங்கள் விட்ட குளவி வேலை செய்திருக்கிறது. நன்றாகவே செய்திருக்கிறது. அதைத்தான் காலையும் மத்தியானமும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறோம்.

படம் அனுப்பியிருந்தேனே அம்மா என்றது. படம் அனுப்பினால் ஆச்சா, வாயில் சொல்ல என்ன கேடு என்று நான் கத்தினேன். சொல்ல வந்தேனே, நீங்கள்தானே விரட்டினீர்கள் என்றெல்லாம் அது சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

இவர் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டது. “வெள்ளைக் கூட்டையெல்லாம் எடுக்கணும்னு உங்களுக்கு யாருங்கய்யா சொன்னாங்க?”

இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் போசியைப் பார்த்தார்.

“ஆரும் சொல்லுலீங் கண்ணு. நானாத்தான் பொறுக்குனேன்.”

அவரே சொல்லிவிட்டார், அவராகத்தான் பொறுக்கினாராம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோபம் ஆறவில்லை. காலையிலிருந்து பாத்திரம் எல்லாம் என் கையில் படாதபாடு பட்டது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாத மனுசன். ஒரு கூட்டுக்கும் இன்னொரு கூட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, இத்தனை வருசம் என்னத்தை விவசாயம் பார்த்தார்? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன், நாச்சிமுத்து காதிலும் விழுகிற மாதிரி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதில் சொன்னாலாவது திட்டித் தீர்க்கலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

சாப்பிடவில்லை. நடுக்கம் அதிகம். மாத்திரை, நான் வாயில் வைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நித்திலா தன்னிடம் மிச்சமிருந்த குழாய்களைக் கொண்டுவந்து திறந்துவிட்டுப் போனது. இந்த முறை அது சொன்னதையெல்லாம் நின்று கேட்டேன். முதலில் விட்டதில் நாங்கள் பொறுக்காமல் தப்பிய கூடும் கொஞ்சம் இருக்கலாமாம். வேலை தெரியப் பத்து நாளைக்கு மேல் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டு மருந்து பட்டாலும் குளவி எல்லாம் போய்விடும் என்றது.

இவர் தோட்டத்துக்குள் வரவே இல்லை. முக்காலி வரிசை நடுவே அன்றைக்கு விட்ட இடத்திலேயே கிடக்கிறது. நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

புழு குறையவில்லை. நாச்சிமுத்துவின் பூ வெள்ளையாக விரிகிறது. எங்கள் இலையைப் பார்த்தால் தோசையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. சந்தைக்காரர் வந்து பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

இவர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. அரிசி டிரம்முக்குள் கை விட்டுப் பார்த்தேன். நாசில் இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாசில் இருந்து என்ன? நாச்சிமுத்துவிடமே ஒரு டேங்கை வாங்கி வந்திருக்கிறார். மருந்தோடு. விடிந்தும் விடியாமலும் நான் பால் கறந்துவிட்டுத் திரும்பினால் வாடை அடித்தது. அந்த வாடை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பால் சொம்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, ஓடினேன்.

வரப்பில் நிற்கிறார். முதுகில் டேங்க். பம்பு அடிக்கிற கை ஆடுகிறது. காற்று அவரைப் பார்த்து வீசுகிறது. நான் குறுக்கே போய் நின்றேன். என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

“தள்ளு புள்ள. கெடுத்தவன் நானு. நானே அடிச்சு முடிச்சுப் போடறேன். அப்பறம் நீ ஆருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.”

நான் கத்தினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் என்னைத் தனியாக விட்டுப்போகப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். கேட்கவில்லை. பம்பை அழுத்திவிட்டார். முனையில் ஒரு சொட்டு வந்து நின்றது.

அவரை நிறுத்த அப்புறம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதுவும் அந்தப் பல்லைக் காட்டுகிறவன் இருக்கிற பக்கத்தில் எழுத மாட்டேன். சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாதா புள்ள?” என்றார்.

தெரிந்துகொண்டே பத்து நாளாக என்னிடம் திட்டு வாங்கினாரா இந்த மனுசன்? எனக்கு அப்போது வந்த கோபம் என் ஆயுசில் வந்ததில்லை. அழுகையும் வந்தது. பெல்ட்டைக் கழற்ற அவர் கைக்கு வரவில்லை. நான்தான் கழற்றினேன். இந்த முறை அரிவாள் வேண்டியிருக்கவில்லை.

சோப்புப் போட்டு இரண்டு முறை குளிக்க வைத்தேன். டாக்டருக்கு: உடம்பில் படவில்லை.

அப்புறம் நாச்சிமுத்து வீட்டு வாசலில் போய் டேங்கை வைத்துவிட்டு அவனைக் கேட்ட கேள்வியை அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் கேட்டார்கள். கேட்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

முக்காலியை இவரே எடுத்துக்கொண்டார். இப்போது போசியில் வலைக்கூடு மட்டும் விழுகிறது. அரிசிக்கூடு இருக்கிற செடிக்கெல்லாம் என் பழைய சேலைக் கரையில் ஒரு துண்டு கட்டி வைக்கிறார், யாரும் தொடக் கூடாதாம். தோட்டம் முழுக்கச் சிவப்புத் துணியாகப் பறக்கிறது, மாரியம்மன் நோம்பி மாதிரி. அந்தச் சேலையை இன்னும் கொஞ்ச நாள் கட்டியிருக்கலாம். கேட்காமல் கிழித்துவிட்டார்.

உள்பக்க இலையில் புது ஓட்டை இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் குளவியும் தெரிகிறது.

மார்ச் 20, வியாழன்

பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேறியது. மீதி மாட்டுக்கு. ஊரில் யாரும் இதைப் பெரிய விளைச்சல் என்று சொல்ல மாட்டார்கள். மருந்தில்லாப் பூ என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டார். டேங்கைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று. இவரேதான் தூக்கிக் கொடுத்தார். புதுப் பெல்ட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார், எருமைக்கு ஆகுமாம்.

மத்தியானம் நித்திலா சுற்றுவட்டாரத்து விவசாயிகளைக் கூட்டிவந்து எங்கள் தோட்டத்தில் உட்கார வைத்தது. இவரைப் பேசச் சொன்னது. இவர் எழுந்து நின்று, நான் ஒரு மடத்தனம் பண்ணினேன் என்று ஆரம்பித்தார். குளவியைத் தோட்டத்தில் விட்டுவிட்டு அதன் கூட்டை நானே பொறுக்கிக் கொன்றேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போசியைக் கையில் பிடித்து நடித்துக் காட்டினார், கை தானாக நடுங்கியது. அதற்கும் சிரித்தார்கள். நாச்சிமுத்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். இவரும் கூடவே சிரித்தார்.

நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றேன். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஊருக்கே நல்லவராக இருந்தது போதும், உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். மீதிக் கதையை நான் சொன்னேன். சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை. ஊருக்கே சொல்லியாகிவிட்டது, இந்த டைரிக்கு வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

டாக்டருக்கு: நடுக்கம் இருக்கிறது. மாத்திரை, நான் கொடுப்பதற்கு முன்னாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டார். தூங்குகிறார்.